ஒலிவாங்கிக்கு ஒரு கை

வீட்டு அறையொன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்ற முனைவோர் பெரும்பாலும் ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுப்பதிலேயே தம் பணத்தையும் பொறுமையையும் செலவழித்துவிட்டு, அதைத் தாங்கி நிற்கவேண்டிய கருவியைக் கடைசியில், மிஞ்சிய தொகைக்கு ஏற்ப வாங்குகின்றனர். மேசை விளிம்பில் இறுக்கிப் பொருத்தப்பட்டு, முழங்கை போல மடங்கி நீண்டு, மைக்கைப் பேசுபவரின் வாயருகே கொண்டுவந்து நிறுத்தும் அக்கருவிக்குப் ‘பூம் ஆர்ம்’ என்று பெயர். ‘பூம்’ டச்சு மொழியில் மரத்தைக் குறிக்கும் சொல். பாய்மரக் கப்பலில் பாயின் அடிவிளிம்பை விரித்துப் பிடிக்கும் நீண்ட கழிக்கு வழங்கிய அது, பின்னாளில் படப்பிடிப்பில் நடிகர்களின் தலைக்கு மேலே மைக்கை நீட்டிப் பிடிக்கும் கோலுக்கும், வானொலி நிலைய மேசையில் மடங்கி நீளும் கைக்கும் பெயராயிற்று. பாட்காஸ்ட், ஒலிநூல், இணையவழி வகுப்பு, பின்னணிக் குரல் என்று வீட்டிலிருந்தே குரலைப் பதிவு செய்வோர் பெருகியபின், வானொலி நிலையத்திலிருந்து அந்தக் கை வீட்டு மேசைக்கும் வந்துவிட்டது. வந்த வேகத்தில் அது காணொளியின் சட்டகத்துக்குள் அழகாகத் தெரியவேண்டிய அலங்காரப் பொருளாகவும் மாறிவிட்டதால், அது உண்மையில் செய்யும் வேலை பலருக்கும் பிடிபடாமல் போயிற்று.

அந்த வேலை, வாய்க்கும் மைக்கிற்கும் இடையிலான தூரத்தை மாறாமல் காப்பது. ஒலி பிறக்கும் இடத்திலிருந்து தூரம் இரு மடங்கானால், நேராக வந்து சேரும் ஒலியின் அழுத்தம் பாதியாகிறது; ஒலியியலார் இதை 6 டெசிபல் இறக்கம் என்பர். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியோ அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவியிருப்பதால், வாயிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருந்த மைக் 30 செ.மீ.க்கு விலகும்போது குரல் இறங்குகிறது, அறையின் முழக்கம் இறங்குவதில்லை; இறங்கிய குரலைப் பெருக்கியின் உதவியால் பழைய அளவுக்கு ஏற்றினால் முழக்கமும் சேர்ந்து ஏறி, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. விலையுயர்ந்த மைக்கை மேசையின் மறுகோடியில் சிறு தாங்கியில் நிறுத்தி, அதன் தரத்தைக் குறைகூறுவோரின் சிக்கல் பெரும்பாலும் இதுவே.

மிக நெருங்குவதிலும் ஒரு கேடு உண்டு. 10 செ.மீ. தொலைவில் பேசுபவர் நாற்காலியில் 5 செ.மீ. பின்னே சாய்ந்தாலே குரலின் அளவு ஏறத்தாழ 3.5 டெசிபல் இறங்கிவிடும், 30 செ.மீ. தொலைவில் அதே சாய்வு 1.3 டெசிபல் மாற்றத்தையே தரும். அதோடு, ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் சிறப்பாகப் பிடிக்கும் மைக்குகள், வாய் நெருங்க நெருங்கக் குரலின் அடித்தொனியை மிகைப்படுத்துகின்றன. ‘அண்மை விளைவு’ எனப்படும் இந்த இயல்பே வானொலிக் குரல்களுக்குக் கம்பீரத்தைத் தருகிறது என்றாலும், தலை அசையும்தோறும் அந்தக் கம்பீரம் வந்துவந்து போவது கேட்பவருக்கு எரிச்சலூட்டும். ஆகவே 15 முதல் 20 செ.மீ. வரை, அதாவது கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்த ஒரு சாண் அளவுக்கு உட்பட்ட தூரம், பேச்சுக்குப் பொதுவாக ஏற்றது. அந்தத் தூரத்துக்கு மனிதர் மைக்கைத் தேடிக் குனியாமல், மைக் மனிதரைத் தேடி வரச் செய்வதற்காகவே கை வாங்கப்படுகிறது.

ஒரு விளக்கிலிருந்து பிறந்த கை

இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான கைகளின் மூதாதை ஒரு மேசை விளக்கு. இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் கார்வர்டைன் மோட்டார் வாகனங்களுக்கான சஸ்பென்ஷன் அமைப்புகளில் தேர்ந்த பொறியாளர். எத்திசையில் நகர்த்தினாலும் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும் ஸ்பிரிங் அமைப்பொன்றை உருவாக்கி, 1932-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ரெட்டிச் நகரில் ஸ்பிரிங் தயாரித்துவந்த ஹெர்பர்ட் டெர்ரி அண்ட் சன்ஸ் நிறுவனம் அதை ‘ஆங்கில்பாய்ஸ்’ என்ற பெயரில் விளக்காக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நான்கு ஸ்பிரிங்குகள் கொண்ட முதல் வடிவத்தைத் தொடர்ந்து, வீடுகளுக்கென மூன்று ஸ்பிரிங்குகளுடன் 1935-இல் வந்த 1227 என்னும் வடிவமே புகழ்பெற்றது. நார்வேயைச் சேர்ந்த ஜேக்கப் ஜேக்கப்சன் அதே கருத்தின் அடிப்படையில் 1937-இல் ‘லக்ஸோ எல்-1’ விளக்கை வடிவமைத்தார். விளக்கின் தலையைக் கழற்றிவிட்டு மைக்கை மாட்டினால் வானொலி நிலையத்துக்கான கை கிடைத்துவிடும்; அமெரிக்க வானொலி நிலையங்களில் லக்ஸோ பெயரிலேயே மைக் கைகள் பயன்பாட்டில் இருந்தன.

அந்த ஸ்பிரிங் செய்யும் வேலையைக் கிணற்றடித் துலாவைப் பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வர். துலாவின் முன்முனையில் தொங்கும் வாளியின் எடையைப் பின்முனையில் கட்டிய கல் சரிக்கட்டுவதால், இறைப்பவர் தண்ணீரின் முழு எடையையும் தூக்கவேண்டியதில்லை. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் தரையில் நிற்கும் தாங்கிகளும் பின்முனையில் எதிரெடை வைத்து இதையே செய்கின்றன. மேசையிலோ பின்னே நீளும் வாலுக்கும் கல்லுக்கும் இடமில்லை. கல்லின் வேலையை ஸ்பிரிங் ஏற்கிறது. கையின் அடிமூட்டுக்கு நேர்மேலே ஒரு புள்ளியில் ஸ்பிரிங்கின் ஒரு முனையையும், கையின்மீது வேறொரு புள்ளியில் மறுமுனையையும் மாட்டி, ஸ்பிரிங்கின் இழுவிசை அதன் முழு நீளத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்குமாறு செய்தால், எடை கையைக் கீழ்நோக்கித் திருப்பும் திறனும், ஸ்பிரிங் அதை மேல்நோக்கித் திருப்பும் திறனும் எந்தக் கோணத்திலும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். நடைமுறையில் கிடைக்கும் ஸ்பிரிங்குகள் இந்த நிபந்தனையை முழுமையாக நிறைவேற்றுவதில்லை. எஞ்சும் சிறு வேறுபாட்டை மூட்டுகளின் உராய்வு விழுங்கிக்கொள்கிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு, கை வாங்குவோர் மனத்தில் இருத்தவேண்டிய முதன்மையான செய்தி: ஸ்பிரிங்கின் விறைப்பும் அதை மாட்டிய புள்ளிகளும் மாறாத வரையில், அந்தக் கை ஏதேனும் ஓர் எடைக்குத்தான் சரியாக ஈடுகொடுக்கும். எடை கூடினால் கை மெல்லத் தாழ்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எடை குறைந்தால் கை தானாக மேலெழுகிறது என்பது வாங்கியபின்தான் பலருக்குத் தெரியவருகிறது. ‘2 கிலோ வரை தாங்கும்’ என்ற விளம்பர வரியை வலிமைக்குச் சான்றாகக் கொண்டு இலேசான மைக்கை அதில் மாட்டினால், அது கூரையைப் பார்க்கப் போகும். ஆகையால் மேல்வரம்பைப் போலவே கீழ்வரம்பையும் கேட்டறிய வேண்டும். ரோட் நிறுவனத்தின் பிஎஸ்ஏ1 என்னும் பழைய கை 700 கிராம் முதல் 1.1 கிலோ வரையிலான மைக்குகளுக்கென வடிவமைக்கப்பட்டது. அதன் பின்வந்த பிஎஸ்ஏ1 பிளஸ் 94 கிராம் முதல் 1.2 கிலோ வரை ஏற்கும் என்று அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. இந்த இரு வரம்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு, விலைப்பட்டியலில் கண்ணில்படாத, ஆனால் கையின் பயன்பாட்டையே தீர்மானிக்கும் வேறுபாடாகும்.

மைக்குகளின் எடையோ பெரிதும் வேறுபடுகிறது. மேடைகளில் கையில் பிடித்துப் பாடப் பயன்படும் ஷூர் எஸ்எம்58 ஏறத்தாழ 298 கிராம். ஆடியோ டெக்னிகா ஏடி2020 ஏறத்தாழ 345 கிராம். கணினியில் நேராகச் செருகும் புளூ யெட்டி தன் அடித்தாங்கி நீங்கலாக 550 கிராம். வானொலி நிலையங்களில் புகழ்பெற்ற எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 737 கிராம். ஷூர் எஸ்எம்7பி 765 கிராம். அளவில் சிறிதாகத் தோன்றும் ரோட் பாட்மைக் 937 கிராம். இவற்றோடு, மைக்கை நெகிழ்பட்டைகளில் தொங்கவிட்டு அதிர்விலிருந்து காக்கும் ‘ஷாக் மவுண்ட்’, ‘ப’ போன்ற வெடிப்பொலிகளின் காற்றுவீச்சைத் தடுக்கும் ‘பாப் ஃபில்டர்’ ஆகியவற்றின் எடையும் சேரும். அனைத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்வது, பத்து விமர்சனங்களைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

ஸ்பிரிங் இல்லாத கைகளும் இப்போது பரவலாக வந்துள்ளன. கணினித் திரைக்குக் கீழே, மேசைப் பரப்பை ஒட்டினாற்போல் கிடையாக நீண்டு பக்கவாட்டில் மடங்கும் இவ்வகையில், கை நகரும்போது மைக்கின் உயரம் மாறுவதில்லை. உயரம் மாறாத நகர்வில் புவியீர்ப்பு கையைத் தன் பக்கம் இழுத்துச் செல்ல வழியில்லாததால், ஸ்பிரிங்குக்குத் தேவையும் இல்லை. முகத்தை மறைக்காமல் காணொளி எடுக்க இது வசதியானது. ஆனால் இதற்குரிய விலையை வேறிடத்தில், அதாவது மேசையின் எதிரொலியிலும் மின்விசிறியின் இரைச்சலிலும் செலுத்த நேரிடுகிறது. அதைப் பின்னர் காணலாம்.

மேசை தாங்குமா?

கையைப் பற்றிப் பேசுவோர் மேசையைப் பற்றிப் பேசுவதில்லை. 765 கிராம் மைக் ஒன்று, அடிமூட்டிலிருந்து 80 செ.மீ. தொலைவில் கிடையாக நீட்டப்பட்டிருக்கும்போது அடிப்பகுதியில் உண்டாகும் திருப்புத்திறன் ஏறத்தாழ 6 நியூட்டன் மீட்டர். கையை மேசையோடு பிணைக்கும் ‘கிளாம்ப்’ என்னும் இறுக்கியின் தாடைகள் விளிம்பிலிருந்து 5 செ.மீ. ஆழமே பற்றியிருந்தால், அந்தத் திருப்புத்திறனை எதிர்க்கப் பலகையின் மேலும் கீழும் ஏறத்தாழ 120 நியூட்டன், அதாவது 12 கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்தவேண்டியிருக்கிறது. கையின் சொந்த எடை இந்தக் கணக்கில் சேரவில்லை. தேக்கிலும் தடித்த பிளைவுட்டிலும் இது ஒரு பொருட்டன்று. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு மேசையில், கிளாம்பின் சிறிய வட்டத் தகடு நாளடைவில் பலகைக்குள் பதிந்து, விளிம்பு பொடிப்பொடியாக உதிரும். கீழேயும் மேலேயும் உள்ளங்கை அளவுள்ள பிளைவுட் துண்டையோ இரும்புத் தகட்டையோ வைத்து இறுக்கினால் விசை பரந்த பரப்பில் பகிரப்படும். கண்ணாடி மேசையில் கிளாம்பைப் பொருத்துவது பற்றி எண்ணவே வேண்டாம்.

பலகையின் தடிமனும், விளிம்புக்கு அடியில் ஓடும் சட்டமும் அளந்து பார்க்கப்பட வேண்டியவை. இழுப்பறையின் மேற்சட்டம் இடித்து, கிளாம்ப் பாதியிலேயே நின்றுபோவது அடிக்கடி நேரும் ஏமாற்றம். கை மடங்கும்போது அதன் முழங்கை பின்னோக்கிப் பிதுங்குவதால், சுவரோடு ஒட்டிய மேசையில் பின்விளிம்பைவிடப் பக்க விளிம்பே ஏற்றது. தட்டச்சு செய்துகொண்டோ சுட்டியை நகர்த்திக்கொண்டோ பதிவு செய்பவர்கள், இடமிருந்தால், கையை அந்த மேசையிலேயே பொருத்தாமல் பக்கத்திலுள்ள அலமாரியிலோ வேறொரு கனத்த மேசையிலோ பொருத்துவது எல்லா அதிர்வுத் தடுப்புகளைவிடவும் மலிவான தடுப்பாகும்.

திருகுமரையில்தான் பலர் தடுமாறுகின்றனர். மைக் தாங்கிகளில் அமெரிக்க வழக்கான 5/8 அங்குல மரை அங்குலத்துக்கு 27 சுற்றுகள் கொண்டது. ஐரோப்பிய வழக்கான 3/8 அங்குல மரை 16 சுற்றுகள் கொண்டது. புகைப்படக் கருவிகளுக்குரிய 1/4 அங்குல மரை சில சிறிய மைக்குகளில் காணப்படுகிறது. ஒன்றை மற்றொன்றாக்கும் பித்தளை இடைமரைகள் மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பொருந்தாத மரையைப் பலவந்தமாக முறுக்கினால் மைக்கின் உள்மரை தேய்ந்துபோகும். அதைச் சீர்செய்வது எளிதன்று.

அதிர்வு, எதிரொலி, மின்விசிறி

கை ஒரு பாலம். மேசையில் நேரும் ஒவ்வொரு தட்டலும் அதன் வழியே மைக்கிற்கு நடந்து வருகிறது. இதை இடையில் நிறுத்துவது ஷாக் மவுண்ட். நெகிழ்பட்டைகளில் தொங்கும் மைக் தன் எடையால் 5 மி.மீ. தாழ்கிறது என்றால், அந்த அமைப்பின் இயல்பான அதிர்வெண் ஏறத்தாழ 7 ஹெர்ட்ஸ். அதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு, அதாவது 10 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகள் மட்டுமே தணிக்கப்படும். பட்டைகள் இறுகி மைக் அசையாமல் நின்றால் அது பார்வைக்கு மட்டுமே ஷாக் மவுண்ட். எஸ்எம்7பி போன்ற சில மைக்குகளில் ஒலியுணர் பகுதி உள்ளேயே மெத்தெனத் தாங்கப்பட்டிருப்பதால் வெளியே தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. வெளியே தெரியும் ஸ்பிரிங்குகள் கொண்ட கைகளில் மற்றொரு தொல்லை உண்டு: கையைத் தட்டினால் அவை வீணைத் தந்தி போல் அதிர்ந்து, மெல்லிய உலோக ஒலியை நீட்டிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்குக்குள் பஞ்சுப்பட்டையையோ துணிச்சுருளையோ திணித்தால் அது அடங்கிவிடும்.

மேசைப் பரப்பு ஒரு கண்ணாடி போலச் செயல்படுகிறது. வாயிலிருந்து நேராக மைக்கை அடையும் ஒலியைவிட மேசையில் பட்டு வரும் ஒலி 34 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்தால், அது 1 மில்லி நொடி பிந்தி வருகிறது. அவ்வாறு பிந்திய ஒலி நேரொலியோடு கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று இடைவெளிவிட்டுச் சில அதிர்வெண்கள் மெலிந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிறது. சீப்பின் பற்களைப் போல் தோன்றும் இந்த இழப்பைச் சீப்பு வடிப்பு என்பர். மைக் மேசைக்கு அருகே தாழ்ந்திருக்கும்போது மேசையிலிருந்து வரும் எதிரொலி வலுத்திருப்பதால், தாழ்வான கைகளில் இது கூடுதலாகத் தென்படுகிறது. மேசைமீது தடித்த சமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தால், குறைந்தபட்சம் உயர் அதிர்வெண்களின் எதிரொலியாவது மட்டுப்படும்.

வெப்பமான நாடுகளின் அறைகளுக்கே உரிய எதிரி கூரை மின்விசிறி. மைக் விமர்சனங்கள் பெரும்பாலும் மின்விசிறி இல்லாத அறைகளில் எழுதப்படுவதால், இதைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இராது. வீட்டுப் பதிவில் மிகுதியாகப் பயன்படும் ‘கார்டியாய்டு’ வகை, அதாவது இதய வடிவ உணர்பரப்பு கொண்ட மைக், தன் முதுகுக்கு நேரே பின்னாலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாகவே பிடிக்கும். ஸ்பிரிங் கையின் மூலம் மைக்கை நெற்றி உயரத்துக்கு ஏற்றி, அங்கிருந்து வாயை நோக்கிச் சாய்வாகக் கீழே பார்க்கவைத்தால், அதன் முதுகு கூரையை நோக்கித் திரும்பிவிடுகிறது. மின்விசிறி காது கேளாப் பகுதிக்குள் விழுகிறது. தாழ்வான கையிலோ மைக் கீழிருந்து மேலே பார்ப்பதால், குரலோடு மின்விசிறியையும் நேருக்குநேர் வரவேற்கிறது. காணொளியில் முகம் மறையாதிருப்பது எவ்வளவு முக்கியமானாலும், விசிறியை நிறுத்த முடியாத அறைக்கு மேலிருந்து தொங்கும் கையே உகந்தது. ‘சூப்பர் கார்டியாய்டு’ வகை மைக்கின் செவிட்டுப் பகுதி நேர்பின்னால் இல்லாமல் முன்திசையிலிருந்து ஏறத்தாழ 126 பாகை விலகி இருப்பதால், அதன் சாய்வைக் கேட்டுக்கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

பொருத்தும் முறை

முதலில் கிளாம்பை இறுக்கி, கையைச் செருகி, அது எல்லாப் பக்கமும் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்தபின்னரே மைக்கை நெருங்க வேண்டும். மைக் இல்லாத ஸ்பிரிங் கை விறைத்து மேலெழுந்து நிற்கும். அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு மைக்கை முறுக்குவது ஆபத்து, ஏனெனில் பிடி நழுவினால் கை வில்லிலிருந்து விடுபட்டதுபோல் முகத்தை நோக்கிப் பாயும். அது உயர்ந்து நிற்கும் நிலையிலேயே மைக்கைப் பூட்டி, பிறகு மெல்லத் தாழ்த்த வேண்டும். தாழ்த்திய நிலை, நடுநிலை, நீட்டிய நிலை என ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்து, எழுந்தால் இழுவிசையைத் தளர்த்தியும் தாழ்ந்தால் கூட்டியும், திருகு இருக்கும் கைகளில் சரிசெய்யலாம். மூட்டுத் திருகுகளை முழு பலத்தோடு இறுக்கிச் சமநிலைக் குறையை மறைப்பவர்கள், பதிவின் நடுவில் கையை நகர்த்தும்போது அதன் கிறீச்சொலியையும் சேர்த்தே பதிவு செய்ய நேரும்.

கேபிளைக் கையோடு இழுத்துக் கட்டுவது அழகாகத் தோன்றினாலும், மூட்டுகளில் தொய்வு இல்லாத கேபிள் இன்னொரு ஸ்பிரிங்காக மாறிக் கையைப் பின்னுக்கு இழுக்கும். கையை முழுவதும் நீட்டிய நிலையில் வைத்து, ஒவ்வொரு மூட்டிலும் சிறு வளையம் விட்டு, வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டுவதே முறை. மைக்கில் செருகும் முனைக்கும் கையில் கட்டிய கடைசிப் பட்டைக்கும் இடையே உள்ள வளையம் மிகவும் தொய்வாக இருக்கவேண்டும். இல்லையெனில் ஷாக் மவுண்ட் தடுத்த அதிர்வு கேபிள் வழியே கொல்லைப்புறமாக நுழைந்துவிடும்.

இறுதியாக, மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் 30 முதல் 45 பாகை வரை பக்கவாட்டிலோ மேலோ விலக்கி, ஆனால் அதன் முகம் வாயையே பார்க்குமாறு திருப்பினால், மூச்சும் வெடிப்பொலியின் காற்றும் மைக்கைக் கடந்து போய்விடும், குரல் மட்டும் வந்து சேரும். மைக்கின் முகம் எது என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்: யெட்டி, ஏடி2020 போன்றவை பக்கவாட்டில் கேட்பவை, அவற்றின் நுனியை வாய்க்கு நேரே நீட்டுவது பரவலாகக் காணப்படும் பிழை. பதிவைத் தொடங்குமுன் ஒருமுறை மேசையைத் தட்டி, ஒருமுறை நாற்காலியில் அசைந்து, பத்து நொடி பேசாமல் இருந்து பதிவு செய்து, அதை ஹெட்போனில் கேட்டால் எஞ்சிய குறை எதுவோ அது வெளிப்பட்டுவிடும்.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வெளியே தெரியும் ஸ்பிரிங்குகளைத் துருவேற்றுவதால், அவற்றை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைத்து, மூட்டுகளில் சிறிது சிலிக்கான் கிரீஸ் இடலாம். மைக்கை வேறிடத்துக்கு மாற்றும் நாளில், கையை மேலே உயர்த்தி, அதன் இரு பகுதிகளையும் கேபிள் கட்டிய அதே வெல்க்ரோ பட்டையால் சேர்த்துக் கட்டிய பிறகே மைக்கின் திருகைக் கழற்ற வேண்டும்.